தரை போட்ட மார்க்

எண்பத்தெட்டு மார்க் வாங்கியவளைப் பார்த்து முப்பத்தொன்று வாங்கியவள் வயிறெரிவது உலக வழக்கம்தான். ஆனால் செம்பருத்தி இல்லத்தில் எண்பத்தெட்டு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? கட்டடம் தீப்பிடித்தால் முதலில் மாட்டிக்கொண்டு சாகப்போகிறவள் இவள்தான் என்று அர்த்தம். அதற்கும் வயிறெரிந்தாள் திலகமணி.

ஒண்டிப்புதூர் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால் இரண்டு தளத்தில் நிற்கிறதே, இளஞ்சிவப்புக் கட்டடம், அதுதான் செம்பருத்தி இல்லம். தனியாகவும் விட முடியாது, ஆஸ்பத்திரியிலும் வைக்க முடியாது என்கிற ரகத்தில் இருபத்தெட்டுப் பேர். வலிப்பு வருகிறவர், பெயர் மறந்தவர், பார்வை போனவர், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர். கடைசியாகச் சொன்ன வகையில் திலகமணி. முப்பது வருடம் பீளமேட்டில் அழகு நிலையம் வைத்திருந்தவள். புருவம் திருத்தும்போது நூலோடு சேர்த்து ஊர்க்கதையையும் இழுத்துப் பழகிய கை. இடது கைதான் விழுந்தது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

மார்க் போடுவது மனிதர் இல்லை, தரை. கட்டடம் முழுக்க ஓடுகளுக்கு அடியில் உணர்விகள் பதித்திருந்தார்கள். யார் எவ்வளவு எடை, எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று தரை பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டிலுக்கு அடியில் மட்டும் பார்க்காது. படுக்கையையாவது விட்டுவையுங்கள் என்று எவரோ வழக்குப் போட்டு வாங்கிய சட்டம் அது. மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சொல்லாமல் கொள்ளாமல் தீ ஒத்திகை மணி அடிக்கும். அப்போது யார் எங்கே ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்து, நிஜத் தீ வந்தால் முதல் இரண்டு நிமிடம் இந்த ஆள் என்ன செய்வார் என்று தரை கணித்துவிடும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் பட்டியல் வரும். மார்க்கும், பக்கத்தில் ஒரு வரிக் காரணமும்.

இதைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குத் தமிழ்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைப் போட்டுப் பலகையில் ஒட்டினால் இங்கே என்ன நடக்கும்? எழுபத்தாறு வாங்கிய கோதண்டம் மீசையைத் தடவிக்கொண்டு, "போன மாசம் எழுவத்திரெண்டுங்க. படிப்படியா ஏத்தறமல்ல" என்று பேரனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

வெறும் பெருமையோடு போயிருந்தால் திலகமணி விட்டிருப்பாள். எண்பதுக்கு மேல் போனால் தரைத்தளத்தில் அறை, தனியாக ஒரு துணையாள். எண்பதைத் தாண்டிய ஒரே ஆள் ஒன்பதாம் அறை எமில்டா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுவிட்டது. பகலில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அவளுக்குத் துணையாக மரகதம்.

மரகதம் எப்படிப்பட்டவள் தெரியுமா? தலைவாரும்போது சிக்கெடுக்கிற பதத்தைப் பார்த்தே, இந்தக் கை கூலிக்கு வாரவில்லை என்று முப்பது வருட அனுபவம் திலகமணிக்குச் சொல்லியது. செய்தித்தாள் வாசித்துக் காட்டுவாள். சாயங்காலம் டீச்சர் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது பக்கத்தில் நின்று, ஜெபம் முடிந்ததும் அணைப்பாள். ஆள் கூட இருந்தால்தான் நெருப்பு என்பது இல்லத்தின் விதி. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு மாடிப்படி ஏறி இருபத்தொன்றாம் அறைக்கு வந்து, தனியாக உட்கார்ந்திருக்கும் திலகமணியின் காதைக் கடிக்கும்.

"எனக்கு ஒரு கை இல்ல, அவளுக்கு ரெண்டு கண்ணு இல்ல. கணக்குப் பாத்தா பாதிக்குப் பாதியாச்சும் வரோணுமல்ல?" என்று சோறு போடுகிற பெண்ணிடம் நியாயம் கேட்டாள்.

நியாயம் கிடைக்கவில்லை. எனவே மார்க்கை உயர்த்த முயன்றாள். தலையணை நனைய நனைய எண்ணெய் தேய்த்துப் படுத்தாள். பழைய புடவைகளைக் கதவோரம் குவித்தாள். மணி அடித்தால் காது கேட்காத மாதிரி இரண்டு நிமிடம் சுவரைப் பார்த்தாள். ஒரு நாள் திருட்டுத்தனமாக ஊதுபத்தி கொளுத்தி, புகை காட்டும் கருவியைக் கத்தவும் விட்டாள். அடுத்த திங்கள் பட்டியல் வந்தது. முப்பத்தொன்று இருபத்தேழாகக் குறைந்திருந்தது. காரணம்: "ஒரு கையால் தீக்குச்சி உரசும் அளவுக்குத் தேறியுள்ளார். புடவைக் குவியலைத் தாண்டி எளிதாக நடக்கிறார்."

கோதண்டம் துக்கம் விசாரித்தார். "மனச விடாதீங்க. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

மார்க் வராவிட்டால் என்ன, மார்க் வாங்கியவளைக் கண்காணிக்கலாமே? திலகமணியின் அறைக்கு இரண்டு பக்கமும் படி. மேற்குப் படி நேராக முற்றத்துப் புங்கமரத்தடியில் இறங்கும். கிழக்குப் படி ஒன்பதாம் அறை வாசலில் இறங்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கிழக்குப் படியில் இறங்கினாள். மரகதம் எத்தனை மணிக்கு வந்தாள், என்ன பழம் நறுக்கினாள், ஏன் இன்றைக்குப் புதுப் போர்வை, எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மரகதம் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து உள்ளேயே போய் உட்கார்ந்தும்விடுவாள்.

"வாங்க பார்லர். இன்னிக்கு இதோட ஏழு" என்பாள் டீச்சர். கண் போனாலும் எண்ணிக்கை போகவில்லை. இடது காலை இழுத்து வைக்கிற அந்த நடை அவளுக்குப் பாடம்.

"ஏனுங்க டீச்சர், ஆப்பிள் இருந்துதாட்ட, வாசம் வருது?"

"இருந்துச்சு. தின்னாச்சு. தோலு வேணா கெடக்குது, எடுத்துக்க."

"எனக்கெதுக்குங்க உங்க தோலு? முப்பது வருசம் ஊராளு தோலப் பாத்துச் சலிச்சவ நானு."

ஒத்திகை மணி அடித்தாலும் அதே கதைதான். எல்லோரும் புங்கமரத்தடிக்குப் போக, திலகமணி கிழக்குப் படியில் இறங்கி ஒன்பதாம் அறைக்குப் போவாள். மரகதம் டீச்சரை இடுப்பில் கை கொடுத்துத் தூக்குவதை முழுக்கப் பார்த்து, முழுக்க வயிறெரிந்து, பின்னாலேயே வெளியே வருவாள். நாலு ஒத்திகையிலும் இப்படித்தான்.

அதற்கடுத்த பட்டியலில்தான் அந்த அதிசயம். எமில்டா: ஐம்பத்திரண்டு.

கூடத்தில் எல்லோரும் 'ச்சோ' கொட்டினார்கள். எண்பத்தெட்டிலிருந்து ஐம்பத்திரண்டு என்றால் சும்மாவா? காரண வரியை யாரும் படிக்கவில்லை. மார்க்கைப் பார்க்கிற கண்ணுக்குக் காரணம் எங்கே தெரிகிறது? மத்தியானமே மரகதத்தை எதிர்க் கட்டடத்துக்கு, சலவைத் துணி வண்டி தள்ளுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்; தரைத்தள அறையை மட்டும் விட்டுவைத்தார்கள். திலகமணி அன்றைக்கு இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் துக்கம் விசாரிக்கிற சாக்கில் ஒன்பதாம் அறைக்குப் போய், டீச்சரின் முகம் எப்படி இருக்கிறது என்று ஆசை தீரப் பார்த்தாள். டீச்சர் தானே தலைவாரியிருந்தாள். வகிடு காதுப் பக்கம் ஓடியது.

இரண்டு நாள் அந்த வகிட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. தொழில் புத்தி. "இங்க காட்டுங்க" என்று ஒற்றைக் கையால் வாரிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் மாதா படம் இடம் மாறியிருப்பதைக் கவனித்தாள். மேசையின் நடுவில் இருந்த படம் ஓரத்தில், படுத்த வாக்கில் இருந்தது. நாலு மாதமாக அந்த அறையை அங்குலம் அங்குலமாக மேய்ந்தவளுக்கு இது தெரியாதா? படத்தைத் தூக்கினாள். மேசை விரிப்பில் உள்ளங்கை அளவுக்குக் கருகிய ஓட்டை. ஜன்னல் திரையின் ஓரமும் தீய்ந்திருந்தது.

"டீச்சர். இது என்னுங்க?"

டீச்சர் கையை நீட்டிப் படத்தை வாங்கிக்கொண்டாள். "மெழுகுவர்த்தி சாஞ்சிருச்சு. சூடு கையில பட்டதும் டம்ளர் தண்ணிய ஊத்திட்டேன். அந்தக் கருவி கத்தறக்குள்ள அணைஞ்சு போச்சு."

"ஆளு இல்லாம எதுக்குங்க கொளுத்தறீங்க?"

"அந்த வெளிச்சம் ஒன்னுதான் திலகா எனக்கு இன்னும் தெரியுது." பிறகு அவசரமாக, "யார்கிட்டயும் சொல்லிராத. சொன்னா மெழுகுவர்த்தியப் புடுங்கிட்டு, பின்னால இருக்கற பூட்டு வார்டுல போட்டுருவாங்க" என்றாள்.

பீளமேட்டில் அறுபது குடும்பத்து ரகசியத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த வாய் அது. அந்த வாயிடம் போய்ச் சொல்லாதே என்கிறாள். அதைவிட ஆச்சரியம், அது சொல்லவில்லை.

புதன்கிழமை தோறும் முபாரக் வருவார். தீ அபாய மதிப்பீட்டு ஆள். தரை சொல்வதைச் சரிபார்ப்பது அவர் வேலை. பெரும்பாலும் தரை சொன்னதுதான் சரி என்று கையெழுத்துப் போடுவது. திலகமணி அவரை வராந்தாவில் மடக்கினாள்.

"ஏனுங்க தம்பி, கண்ணு தெரியாத பொம்பளைக்கு மார்க்கக் கொறச்சா என்னுங்க அர்த்தம்? ஒரே மாசத்துல கண்ணு வந்துருச்சா?"

முபாரக் கையிலிருந்த பலகையைத் தட்டிப் பார்த்தார். "கண்ணு வரலீங்கம்மா. துணை வந்துருச்சு. தீப்புடிச்சா அவங்களக் கூட்டிட்டு வர்றக்கு ஒரு ஆளு இருக்குதுன்னு தரை சொல்லுது. அதனால சம்பளத்துக்கு ஒரு ஆளு தேவையில்லைன்னு நிர்வாகம் எடுத்துட்டாங்க."

"ஆருங்க அது? புதுசா ஆரும் வரலீங்ளே?"

"இருபத்தொன்னு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானுங்கம்மா."

திலகமணிக்கு வாய் அடைத்துப் போனது என்று எழுத ஆசைதான். அது நடக்கக்கூடியதா?

"நானா? இந்த ஒரு கைய வெச்சுட்டு நானே தடுமாறிட்டிருக்கறன். ஆருங்க சொன்னது?"

"தினமும் பதினோரு தடவை அங்க போறீங்க. நாலு ஒத்திகையிலயும் மணி அடிச்ச பத்துப் பதினஞ்சு செகண்டுல கெளம்பிட்டீங்க. வெளிய போற படிய விட்டுட்டு நேரா ஒன்பதுக்கு. அவங்க வெளிய வர்ற வரைக்கும் நீங்க வெளிய வர்றதில்ல. சொந்த மகளே அப்படி வரமாட்டா. எங்க தலைமை ஆபீஸ்ல உங்களப் பத்தித் தனியாப் பேசுனாங்க."

"அய்யோ தம்பி!" திலகமணி குரலைத் தாழ்த்தினாள். அவள் குரல் தாழ்ந்ததை அந்த வராந்தா அன்றுதான் கேட்டது. "நா அங்க பாசத்துலயா போனேன்? அவளுக்கு என்னென்ன கெடைக்குதுன்னு பாக்கப் போனேன். மரகதம் அவளத் தூக்கறதப் பாத்து வயிறெரியப் போனேன். பொறாமைங்க. சுத்தப் பொறாமை. அதப் போயி..."

"தரைக்கு அதெல்லாம் தெரியாதுங்கம்மா. எடை, வேகம், திசை. அவ்வளவுதான்."

"நீங்க மாத்தி எழுதுங்க."

"பொறாமையில வந்தாங்கன்னு எழுதறக்குக் கட்டம் இல்லீங்க." அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "ஒரு வழி இருக்குது. மூனு வாரம் நீங்க ஒன்பதாம் ரூமுக்குப் போகாதீங்க. ஒத்திகை வந்தா மேற்குப் படியில நேரா வெளிய போயிருங்க. துணை இல்லைன்னு தரை தெரிஞ்சுக்கும். மரகதம் திரும்பி வந்துரும்."

யோசித்துப் பாருங்கள் அந்த நிலைமையை. நாலு மாதமாக எந்த மரகதத்தைப் பார்த்து வயிறெரிந்தாளோ, அவளை அந்த எமில்டாவுக்குத் திருப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு இவள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் செய்யலாம்தான். சொன்னால் முதலில் பொறாமையைச் சொல்ல வேண்டும். அதற்கு அந்தக் கருகிய ஓட்டையில் கையை விடலாம்.

திலகமணி போகவில்லை. முதல் வாரம் பல்லைக் கடித்தாள். டீச்சர் சோறு போடும் பெண்ணிடம், "பார்லர் என்ன, கடைய மூடிட்டாளா?" என்று கேட்டனுப்பினாள். "காய்ச்சல்னு சொல்லிரு" என்றாள் திலகமணி. இரண்டாம் வாரம், "கை எப்படி இருக்குதாம்? பேச்சு கொளறுதா?" என்று கேள்வி வந்தது. "ஒன்னுமில்லைன்னு சொல்லு" என்றாள். ஒன்றுமில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினால், கணக்கு டீச்சர் அதை எப்படிக் கூட்டிக் கழிப்பாள் என்று இவளுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் மட்டும் கிழக்குப் படியின் மேல்தட்டில் வந்து நின்று, கீழிருந்து கருகல் வாசனை வருகிறதா என்று மூக்கை நீட்டுவாள். ஒரு படிகூட இறங்கமாட்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு பகல் பதினோரு மணிக்கு மணி அடித்தது.

கால் தானாகக் கிழக்கே திரும்பியது. அதை ஏறக்குறையக் கையால் பிடித்துத் திருப்பி, மேற்குப் படியில் இறங்கினாள். புங்கமரத்தடிக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். "அடேங்கப்பா, என்ன வேகம்! இப்படி ஓடுனா மார்க் எப்படி ஏறும்?" என்றார் கோதண்டம். அவள் ஒன்பதாம் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒத்திகைதானே, புகை இல்லையே, யாராவது ஒரு ஊழியர் டீச்சரைக் கூட்டி வருவார்.

தலை எண்ணினார்கள். இருபத்தேழு.

மேலாளர் ஒன்பதாம் அறையைப் பார்த்துவிட்டு வந்து, "ரூம்ல இல்லையே!" என்றாள். எதிர்க் கட்டடத்திலிருந்து மரகதம் துணி வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். திலகமணி அவளுக்கு முன்னால் ஓடினாள். காலை இழுத்து இழுத்துக் கிழக்குப் படி ஏறினாள். படியில் ஒரு செருப்பு கிடந்தது. மேலே இன்னொன்று.

இருபத்தொன்றாம் அறையில் டீச்சர் முழங்கால் சிராய்த்து ரத்தம் வடிய, தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"திலகா! இங்கயா விழுந்து கெடக்கற? பேசு, ஏதாச்சும் சத்தமாவது குடு!"

"நா பின்னால நிக்கறனுங்க."

டீச்சர் தலையை வெளியே எடுத்தாள். தலை முழுக்க ஒட்டடை. முதலில் மூச்சு வாங்கியது, பிறகுதான் கோபம் வந்தது. "மூனு வாரமா ஆளக் காணோம். காய்ச்சல்ங்கற, ஒன்னுமில்லைங்கற. மறுபடியும் ஒரு பக்கம் இழுத்துருச்சு, மறைக்கறான்னு நெனச்சேன். மணி அடிச்சா நீ எப்பவும் வருவ. வரலைன்னா விழுந்து கெடக்கறன்னு தானே அர்த்தம்?"

"அதுக்கு, கண்ணு தெரியாதவங்க மாடி ஏறுவீங்களா? நெசத் தீயா இருந்தா?"

"இருபத்திநாலு படி. எண்ணிட்டேதான் வந்தேன். நெசத் தீன்னு நெனச்சுத்தாண்டி வந்தேன்."

திலகமணி ஒட்டடையை எடுக்கிற சாக்கில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் மரகதம் மூச்சிரைக்க நின்று இருவரையும் பார்த்தாள். அன்றைக்குத்தான் திலகமணி எல்லாவற்றையும் சொன்னாள், பொறாமை உட்பட. டீச்சர் கேட்டுவிட்டு, "அது எனக்கு மொத நாளே தெரியும். ஆப்பிள் தோல எதுக்கு எடுத்து வெச்சேன்?" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பலகை முன்னால் கூட்டம் நெரிந்தது. எமில்டா: தொண்ணூற்றேழு. இல்லத்தின் சரித்திரத்தில் இல்லாத மார்க். கோதண்டம் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. மரகதம் திரும்பி வந்தாள். துணி வண்டி வேலையையும் கூடவே அவள் தலையில் கட்டினார்கள். நிர்வாகம் சும்மா கொடுக்குமா?

திலகமணி முதல் தடவையாக மார்க்கை விட்டுவிட்டுக் காரணத்தைப் படித்தாள். எமில்டாவுக்கு எதிரே, "மணி அடித்தால் வெளியேறமாட்டார். படி ஏறி 21-க்குச் செல்வார்" என்று இருந்தது. தனக்கு எதிரே, இருபத்தேழு. "விரைவாக வெளியேறுகிறார். யாரையும் தேடமாட்டார்."

அதை மூன்று தடவை படித்தாள். பின்னால் நின்ற இருபத்தாறு பேரும் படித்தார்கள். முப்பது வருடம் ஊரைப் பற்றிப் பேசியவளைப் பற்றி ஊர் படிக்கிற மாதிரி ஒரு வரியைத் தரை எழுதிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் ஒன்பதாம் அறைக்குப் போக வேண்டும். போனால் மரகதம் போய்விடுவாள். "யாரையும் தேடமாட்டார்" அப்படியே இருக்கட்டும் என்று மாடி ஏறினாள். ஆனால் தொண்ணூற்றேழும் எமில்டாவுக்கு, அந்த நல்ல வரியும் அவளுக்கா என்று ஏழாம் படியில் ஒரு தடவை வயிறெரிந்தது.

ஒரு வாரம் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு இருபத்தொன்றாம் அறைக் கட்டிலை ஒட்டி ஒரு சலவை வண்டி வந்து நின்றது.

"ஏறுங்க்கா" என்றாள் மரகதம். "கட்டில்ல இருந்து நேரா வண்டிக்கு. காலு தரையில படக்கூடாது. நீங்க படுத்துத் தூங்கறீங்கன்னு அது நெனச்சுக்கும்."

பீளமேட்டு மணப்பெண்கள் வரிசையில் காத்திருந்த அழகு நிலையத்தின் முதலாளி, அழுக்குப் போர்வைகளுக்கு மேலே சம்மணம் போட்டு, லிப்டில் இறங்கி ஒன்பதாம் அறைக்கு ஊர்வலம் போனாள். நாற்பது நிமிடம் இறங்காமல் பேசிவிட்டுத் திரும்பினாள். மறுநாளும். அதற்கு மறுநாளும்.

அடுத்த மாதப் பட்டியலில் எமில்டா தொண்ணூற்றெட்டு. காரணத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "அறையில் தினமும் பிற்பகல் ஐம்பத்தெட்டு கிலோ துணி சேர்கிறது. எளிதில் தீப்பற்றும்."

"பாத்தீங்களா டீச்சர் அநியாயத்த!" வண்டியில் உட்கார்ந்தபடி திலகமணி குமுறினாள். "மூட்டையாட்டம் மடங்கி உக்காந்து காலு மரத்துப் போறவ நானு. மார்க் உங்களுக்கா? அந்த ஒன்னு என்னுது."

"எடுத்துக்க. இல்லாட்டி மறுகூட்டலுக்கு எழுதிப் போடு" என்றாள் டீச்சர்.

"போடத்தானுங்க போறன்! அந்த முபாரக் வரட்டும், இந்தத் தரைய ஒரு கை..."

தலைவாரிக்கொண்டிருந்த மரகதம் சீப்பை நிறுத்தி, வாசலை ஒரு பார்வை பார்த்தாள்.

"கொஞ்சம் மெதுவாங்க்கா. அழுக்குத் துணி இவ்வளவு சத்தமாப் பேசாது."